காகிதத்தின் பின்பக்கம்

(செமினியில், முன்னாள் தோட்டக் குடும்பங்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



கோலாலம்பூரில் ஓர் ஓவியம் ஏலத்துக்கு வந்தால், பட்டியலில் அதற்கென்று ஐந்தாறு வரிகள் இருக்கும். ஓவியரின் பெயர், பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு. படத்தின் தலைப்பு. எப்போது வரைந்தது. காகிதத்தில் கரியா, துணியில் எண்ணெய் வண்ணமா. நீள அகலம் சென்டிமீட்டரில். கையெழுத்து எந்த மூலையில் இருக்கிறது. இதுவரை யார் கையில் இருந்தது. கடைசியாக ஒரு மதிப்பீடு: இத்தனை ரிங்கிட்டிலிருந்து இத்தனை ரிங்கிட் வரை. இவ்வளவையும் எழுதுகிறார்கள். படத்துக்குள் இருப்பவர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, ரப்பர் பால்மரத்தின் முன் குனிந்து நிற்கும் அந்த அம்மாவுக்கு ஒரு பெயர் இருந்தது. அவர் ஒரு தோட்டத்தில், ஒரு லயத்து வரிசையில், ஒரு வீட்டில் வாழ்ந்தவர். அந்தப் பெயரைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நம் நாட்டில் ஓவிய ஏலம் பழைய வழக்கமில்லை. ஹென்றி புட்சர் நிறுவனம் கோலாலம்பூரில் மலேசிய ஓவியங்களுக்கான தன் முதல் ஏலத்தை நடத்தியது 2010 ஆகஸ்டில்தான். அதன்பின் வேறு சில நிறுவனங்களும் வந்தன. அங்கே வாங்குவோர் விரும்பிக் கேட்பவற்றில் ஊர்ப்புறக் காட்சிகளுக்கு எப்போதும் இடம் உண்டு. கம்பத்து வீடு, வயல், மீன்பிடிப் படகு, மாட்டு வண்டி, ரப்பர் தோட்டம். ஏலம் நடக்கும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடைமையாளர் உள்ளுக்குள் ஒரு குறைந்தபட்ச விலையை வைத்திருப்பார். அதற்குக் கீழே போனால் படம் விற்காது. சுத்தியல் விழும் விலையின் மேல் வாங்குபவர் நிறுவனத்துக்கு ஒரு கட்டணமும் தர வேண்டும். எண்ணெய் வண்ண ஓவியத்தை விடக் காகிதத்தில் வரைந்தது வழக்கமாக விலை குறைவு. அதனால்தான் கரி ஓவியம் நடுத்தரக் குடும்பத்து ஆர்வலர்களுக்கும் எட்டுகிறது, வீடு மாறும்போது எளிதில் தொலைந்தும் போகிறது.

தலைப்புகளைக் கொஞ்சம் பாருங்கள். சிங்கப்பூரின் சியோங் சூ பியெங் வரைந்த ஒரு படத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘இரண்டு மாடுகளோடு இந்திய ஆடவர்கள்’. லாய் ஃபோங் மொய் 1965இல் வரைந்தது ‘தொழிலாளி, சாப்பாட்டு வேளை’. இரண்டும் நல்ல ஓவியங்கள். வரைந்தவர்கள் உழைப்பவர்களை மதித்து வரைந்தார்கள் என்பது அந்தக் கோடுகளிலேயே தெரிகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் இனமும் தொழிலும் தலைப்பாகி நிற்க, ஆள் மறைந்துவிடுகிறார். இதற்கு நேர்மாறாக முகமது ஹுசேன் எனாஸ் 1958இல் வரைந்த ஒரு பெண்ணின் படத்துக்கு ‘மினா’ என்று பெயர். அந்த ஒரு சொல் போதும், பார்க்கிறவர் ‘யார் இந்த மினா’ என்று கேட்கத் தொடங்குவார். ‘தோட்டப் பெண்’ என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

பெயர் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வெளிநாட்டு எடுத்துக்காட்டு. வின்சென்ட் வான்கோ 1883 முதல் 1885 வரை நெதர்லாந்தின் நியூனன் என்ற சிற்றூரில் இருந்தார். நெசவாளிகளையும் உருளைக்கிழங்கு தோண்டுகிறவர்களையும் கறுப்புச் சுண்ணத்திலும் கரியிலும் வண்ணத்திலும் வரைந்து தள்ளினார். அந்த ஊரில் டி குரூட் என்று ஒரு குடியானவக் குடும்பம். 1885இல் அவர் வரைந்த புகழ்பெற்ற ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்தில் விளக்கடியில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். அந்த வீட்டுப் பெண் கோர்டினாவை அவர் பலமுறை வரைந்தார். ஊர்ப் பாதிரியாருக்கு இது பிடிக்கவில்லை. ‘அவருக்கு முன்னால் உட்காராதீர்கள், அப்படி இருந்தால் காசு தருகிறேன்’ என்றுகூட அவர் சொன்னாராம். வான்கோ தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது.

2023 பிப்ரவரியில் லண்டன் கிறிஸ்டீஸ் நிறுவனத்தில் கோர்டினாவின் தலை மட்டும் உள்ள ஒரு சிறிய எண்ணெய் வண்ணப் படம் ஏலத்துக்கு வந்தது. மதிப்பீடு 10 லட்சம் முதல் 20 லட்சம் பவுண்டு வரை. போன விலை சுமார் 48 லட்சம் பவுண்டு. அந்த விலை வான்கோவின் கைத்திறனுக்குத்தான், சந்தேகமில்லை. ஆனால் தலைப்பில் ‘ஒரு பெண்ணின் தலை’ என்பதற்குப் பக்கத்தில் கோர்டினா டி குரூட் என்ற முழுப் பெயர் இருந்தது. வயலில் கிழங்கு தோண்டிய ஒரு பெண்ணின் பெயரை நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு லண்டன் ஏல மண்டபத்தில் உரக்கப் படிக்க முடிந்தது எப்படி? ஓவியர் கடிதம் எழுதிவைத்தார். அதோடு, அந்த ஊருக்கே போய்க் கேட்டவர்களும் இருந்தார்கள். பென்னோ ஸ்டோக்விஸ் என்ற வழக்கறிஞர் அந்த வட்டாரத்து ஊர்களுக்குப் போய், வான்கோவை நேரில் கண்ட முதியவர்களிடம் பேசி, அவர்கள் சொன்னதைத் தொகுத்து 1926இல் வெளியிட்டார். ஓவியர் இறந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து! இன்னும் பத்தாண்டு தாமதித்திருந்தால் அவர் பேசியவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

சென்னையிலும் இப்படி ஒன்று உண்டு. மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலையைப் பார்க்காதவர் தமிழர்களில் குறைவு. பாறையை நெம்பி நகர்த்தும் நான்கு ஆட்கள். 1959இல் நிறுவப்பட்ட சிலை. அதற்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் ராமு, ஓவியக் கல்லூரியின் இரவுக் காவலர். மற்றொருவரின் பெயரும் பதிவாகியிருக்கிறது. நம்மில் பலர் படத்தில் பார்த்துப் பழகிய அந்தத் தோள் ஓர் இரவுக் காவலருடையது என்று அறிந்தபின், அதைப் பார்க்கும் கண்ணே மாறுகிறது. எனக்கு மாறியது.

இங்கே ஒரு கேள்வி எழும். பெயரால் பணம் வருமா? நேர்மையாகச் சொல்கிறேன்: வரைந்தவருக்கே மறுவிற்பனையில் எல்லா நாட்டிலும் பங்கு கிடைப்பதில்லை. வரையப்பட்டவருக்கு எங்குமே பங்கு இல்லை. வரைந்தவரின் பங்குக்கான சட்டம் பிறந்த கதையே ஒரு குடியானவ ஓவியத்தில்தான் தொடங்குகிறது. மாலை மணி ஒலிக்கும்போது வயலில் வேலையை நிறுத்தித் தலை குனிந்து நிற்கும் கணவனும் மனைவியும்; காலடியில் கிழங்குக் கூடை. பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857 முதல் 1859 வரை வரைந்த அந்தப் படத்தைக் கேட்டிருந்த அமெரிக்கர் வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு ஓவியருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 1,000 பிராங்க். மில்லே 1875இல் இறந்தார். 1889 ஜூலையில் பாரிஸ் ஏலம் ஒன்றில் அதே படத்துக்காகப் பிரான்சும் அமெரிக்காவும் போட்டி போட்டன. சுத்தியல் விழுந்தது 5,53,000 பிராங்கில். பிரெஞ்சு நாடாளுமன்றம் பணம் ஒதுக்காததால் படம் கப்பலேறி அமெரிக்கா போய், ஊர் ஊராகக் காட்டப்பட்டு, மறு ஆண்டு ஒரு பிரெஞ்சு வணிகரின் கைக்கு இன்னும் பெரிய விலையில் திரும்பி வந்தது.

இதையெல்லாம் பார்த்த பிரெஞ்சுக்காரர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. ஃபொரான் என்ற ஓவியர் ஒரு கேலிச்சித்திரம் போட்டார்: ஏல மண்டபத்தின் வெளியே கந்தல் உடுத்திய இரண்டு பிள்ளைகள், உள்ளே விலை போவது தங்கள் அப்பா வரைந்த படம் என்று கண்டுகொள்கிறார்கள். அந்தக் கோபம் வளர்ந்து 1920இல் சட்டமானது. ஓவியம் மறுபடி விற்கப்படும்போதெல்லாம் ஓவியருக்கு, அவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு, ஒரு பங்கு. இந்தியாவில் 1994இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 53அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் பங்கு கேட்கலாம்; அது விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகாது. நம் நாட்டு ஓவியர்களும் இதைப் பற்றி உரக்கப் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

சரி, வயலில் தலை குனிந்து நின்ற அந்த இருவர்? அவர்களுக்காக எந்தச் சட்டமும் வரவில்லை. வரவும் வராது என்றே நினைக்கிறேன். இந்திய ஓவியர் எம். எஃப். உசேன் 1954இல் இந்தியக் கிராம வாழ்க்கையைப் பதின்மூன்று கட்டங்களில் வரைந்த ‘கிராம யாத்திரை’ 2025 மார்ச்சில் நியூயார்க்கில் 137 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அதில் மாவரைக்கும் பெண்ணுக்கும் வண்டியோட்டிக்கும் யாரும் பங்கு கொடுக்கப்போவதில்லை. அதனால் நான் உங்களிடம் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. பெயரை எழுதிவைக்க எந்த நாடாளுமன்றத்தின் அனுமதியும் வேண்டாம். அது நம் கையில் இருக்கிறது.

உண்மையில் பெயரைக் காட்டிலும் அதிகமாகவே நம் கையில் இருக்கிறது. இந்த அவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் பலர் முப்பது, நாற்பது ஆண்டு பால்மரம் சீவியவர்கள். ஒரு தோட்டக் காட்சியை வாசிப்பதில் உங்களுக்கு இருக்கும் தேர்ச்சி எந்த ஏல நிறுவனத்து நிபுணருக்கும் இல்லை. முகத்துக்குச் சொல்லும் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எப்படி என்று விளக்குகிறேன்.

ஒரு கரி ஓவியத்தில் பால்மரம் இருக்கிறது என்று வையுங்கள். முதலில் வெட்டு எந்தப் பக்கம் சாய்கிறது? மரத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறுவதில்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறக்கிச் சீவினால்தான் அதிகக் குழாய் அறுபட்டுப் பால் நன்றாக வடியும். படத்தில் சாய்வு மாறியிருந்தால் ஓவியர் தோட்டத்தில் நின்று வரையவில்லையோ, இடவலம் மாறி அச்சான ஒரு படத்தைப் பார்த்து வரைந்தாரோ என்று ஐயப்பட இடம் உண்டு. அடுத்தது, வெட்டு எத்தனை? நடுவே ஒரு நேர்கோடு இறங்கி, இருபுறமும் மீன்முள்ளைப் போலப் பல வெட்டுகள் அதில் வந்து சேர்ந்தால் அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து முறை. மரத்தின் பாதிச் சுற்றுக்கு ஒரே சாய்வு வெட்டு என்றால் பின்னாள் முறை. கீழே இருப்பது கொட்டாங்கச்சியா, தகரமா, மங்குக் கிண்ணமா? பால் சுமப்பது தோளில் காண்டாக் கம்பிலா, சைக்கிளிலா? நெற்றி விளக்கு எரிகிறதா? எரிந்தால் பொழுது இன்னும் விடியவில்லை. வெயில் ஏறுமுன் சீவினால்தான் பால் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியாததா! இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், கையெழுத்தும் ஆண்டும் இல்லாத ஒரு படத்தைக்கூடக் காலம் கணிக்க முடியும். கலை வரலாற்றுக்காரர்கள் பட்டம் வாங்கிச் செய்யும் வேலை இது. நம் பாட்டிகளிடம் யாரும் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தோட்டத்தை வரைய வண்ணத்தைவிடக் கரியே பொருத்தம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். விடியாத தீம்பாரில், அந்தப் பால்மரக் காட்டில், நிறம் ஏது? இருட்டு, அதில் ஆங்காங்கே நெற்றி விளக்கின் வட்டம். கரியில் வரைகிறவர் முதலில் காகிதத்தை இருட்டாக்கிவிட்டு, பிறகு பிசையும் அழிப்பானால் ஒற்றி ஒற்றி வெளிச்சத்தை எடுப்பார். அந்த அழிப்பான் வழக்கமாகப் பதப்படுத்தாத ரப்பரால் செய்வது. யாரோ ஒரு தோட்டத்தில் வடிந்த பால்தான் அந்தப் படத்துக்குள் வெளிச்சமாக வந்து நிற்கிறது. வசதியில்லாத காலத்திலும் கரி கைகொடுத்திருக்கிறது. 1943 வங்கப் பஞ்சத்தில் கல்கத்தாத் தெருக்களில் விழுந்து கிடந்தவர்களை ஓவியர் ஜைனுல் ஆபிதீன் வரைந்தது, கரியிலிருந்து தானே செய்துகொண்ட மையால், பொட்டலம் கட்டும் மலிவுக் காகிதத்தில். அவர்களும் கிராமத்திலிருந்து வந்தவர்கள்தான். அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்த வட்டாரம் ரப்பரின் வரலாற்றில் ஓர் ஓரத்து ஊர் இல்லை. காஜாங்கில் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களின் நடுவிலேயே ரப்பரை வணிகப் பயிராக நட்டார்கள். மலாயாவின் மிக முந்தைய ரப்பர் தோட்டங்களில் அது ஒன்று. அங்கிருந்து செமினி, ரிஞ்சிங், பெரானாங் என்று பால்மரம் பரவியது. இன்று அந்த நிலத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன, பல்கலைக்கழகம் வந்துவிட்டது. தோட்டம் போனபின்னும் ரிஞ்சிங் தோட்டத் தமிழ்ப்பள்ளி, செமினி தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பள்ளிகளின் பெயரில் அது நிற்கிறது. லயங்கள் இருந்த இடத்தை வரைபடத்தில் காட்டக்கூட இன்று பலரால் முடியாது.

அரசாங்கக் காகிதங்களில் செமினி பெரிதாக இடம்பெற்றது ஒரு துயரத்தால். மலாயாவின் அவசரகாலத்தில், 1956இல், இங்கே கிராமவாசிகளை உணவுச் சோதனை என்ற பெயரில் நடத்திய விதம் பெரும் கண்டனத்துக்கு ஆளாகி, அதைப் பற்றி ஒரு விசாரணை அறிக்கையே அச்சானது. ஓர் ஊர் கலவரப்பட்டால்தான் கோப்பில் ஏறுகிறது. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பியதும், ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டதும், மத்தியானம் பால் எடைபோட்டதும் எந்தக் கோப்பிலும் ஏறாது. அதைக் கதையாக எழுதியவர்கள் நம்மிடம் உண்டு, அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ இந்த வட்டாரத்தின் நதியைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. படமாக வரைந்தவர்களும் இருந்தார்கள். தோட்டப் பள்ளியின் ஓவிய ஆசிரியர், கோயில் திரைச்சீலை எழுதியவர், பத்திரிகைக்குப் படம் போட்டவர், ஓய்வு நேரத்தில் அலுவலகக் கிராணி மேசையில் உட்கார்ந்து கோட்டோவியம் போட்ட இளைஞர். இவர்களுடைய காகிதங்கள் ஏல மண்டபம்வரை வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சில வரும். வராதவையும் நமக்கு அதே அளவு முக்கியம்.

ஆகவே நாம் செய்ய வேண்டிய வேலையைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டில் பழைய படமோ ஓவியமோ இருந்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது எழுதியிருந்தால், முத்திரை இருந்தால், கடைச் சீட்டு ஒட்டியிருந்தால், அதைக் கிழிக்காதீர்கள்; ஓவிய உலகில் கைமாறிய வரலாறு என்று தேடுவது அதைத்தான். ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் எழுதுங்கள். பேனாவால் வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். கரி ஓவியமாக இருந்தால் இன்னும் கவனம். கரி காகிதத்துக்குள் இறங்குவதில்லை, தூளாக மேலே உட்கார்ந்திருக்கிறது. கவிழ்த்து வைத்து எழுதினால் முன்பக்கம் தேய்ந்துவிடும். அதற்குத் தனிச் சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். சட்டம் போடும்போது பிளாஸ்டிக் கண்ணாடி வேண்டாம். அதன் நிலைமின்சாரம் கரித்தூளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். உண்மையான கண்ணாடி போட்டு, படத்தைத் தொடாதபடி நடுவே அட்டை இடைவெளி விடச் சொல்லுங்கள். குளியலறைச் சுவரிலும் சமையலறைச் சுவரிலும் மாட்டாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் காகிதத்தைத் தின்றுவிடும். நம்மவர்கள் பாசத்தால் செய்யும் ஒரு பெரிய கேடு, பழைய படத்துக்கு லாமினேட் போடுவது. போட்டபின் பிரிக்கவே முடியாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

என்ன எழுத வேண்டும்? ஆள் பெயர், கூப்பிடு பெயரும் சேர்த்து. தோட்டத்தின் பெயர், எத்தனையாவது லயம் என்று தெரிந்தால் அதுவும். என்ன வேலை: பால் வெட்டா, புல் வெட்டா, செம்பனையா, ஸ்டோரா, ஆயாவா. ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் ஓர் அடையாளம்: ‘ஜப்பான்காரன் போன பிறகு’, ‘மூத்தவள் பள்ளியில் சேர்ந்த வருடம்’. இதைச் சொன்னவர் யார், எழுதியவர் யார், எந்தத் தேதியில். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். சொன்னவர் பெயர் இருந்தால்தான் பின்னால் வருகிறவர் நம்புவார்.

இளையோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏலப் பட்டியல்கள் இப்போது இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. ஏலத்துக்கு முன் சில நாள் படங்களைப் பொதுமக்கள் பார்க்க வைப்பார்கள்; வாங்கினால்தான் உள்ளே விடுவோம் என்று யாரும் சொல்வதில்லை. நம் பெரியவர்கள் ஒருவரை, இருவரை அழைத்துக்கொண்டு போங்கள். தோட்டக் காட்சி இருந்தால் அதன் முன் நிறுத்தி, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து, பட்டியல் எண்ணைக் குறித்து, நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். மரியாதையோடு, ஆதாரத்தோடு. நிறுவனங்கள் இதை வெறுக்காது. படத்தைப் பற்றிய செய்தி கூடினால் வாங்குவோருக்கும் நம்பிக்கை கூடும் என்பது அவர்களுக்குத் தெரியும். படம் விற்று யார் வீட்டுக்குப் போனாலும் அந்தக் கடிதம் கோப்பில் அதோடு சேர்ந்து நிற்கக்கூடும். தேசிய ஓவியக் கூடத்துக்கும் இதேபோல எழுதலாம். 1958இல் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த கூடம் அது. அதன் சேகரிப்பு மக்கள் சொத்து.

படங்கள் கொண்டுவந்தவர்கள் வலப்பக்கம் உள்ள நீள மேசைக்கு வாருங்கள். பென்சிலும் சீட்டும் வைத்திருக்கிறோம். எழுதச் சிரமப்படும் பெரியவர்கள் சொல்லுங்கள், பள்ளிப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். டொமினியன் தோட்டத்துப் பக்கமிருந்து வந்த பாட்டிகள் முதலில் வரட்டும், அவர்களுக்குத் திரும்பிப் போக வண்டி காத்திருக்கிறது.